தாய் மாமன் கையெழுத்து செல்லாது

தாய் மாமனுக்கு அந்த ஃபாரத்தில் இடம் இல்லை. தந்தை, தாய், சட்டப்படியான பாதுகாவலர் என்று மூன்று கோடுகள் இருந்தன. கன்னடத்தில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. மூன்றிலும் நான் இல்லை. பல் ஆஸ்பத்திரி கவுன்டரில் இருந்த கிளார்க் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"குழந்தைக்கு யாரு நீங்க?"

"தாய் மாமன்."

"ஆகல்லா, முடியாது. அப்பா, இல்லன்னா அம்மா. நேர்ல வந்து போடணும்."

"அம்மா வேலைக்குப் போயிருக்காங்க சார். லீவு கிடைக்காது. நான்தான் வளக்கறேன்னு வெச்சுக்கோங்களேன்."

"அப்படியெல்லாம் வெச்சுக்க முடியாதுப்பா. அடுத்தவங்க வாங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா மகள் நின்றிருந்தாள். ஏழு வயது. இடது கன்னத்தை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு, அங்கே ஏதோ பலகாரத்தைப் பத்திரமாக வைத்திருப்பவள் மாதிரி.

அவளுக்கு மூன்று வயதில் காது குத்தினோம். எனக்கு அப்போது பதினைந்து. மீசைகூட வரவில்லை. ஆனாலும் மாமன் மடி இல்லாமல் காது குத்தக் கூடாது என்று தெருவே சேர்ந்து என்னைத் தேடிப் பிடித்து, கிரிக்கெட் மட்டையைப் பிடுங்கி வைத்துவிட்டு, இடுப்பில் நிற்காத வேட்டியைச் சுற்றி, கோயில் தரையில் உட்கார்த்தியது. அவள் அலறி என் மணிக்கட்டைக் கடித்தாள். தழும்பு இன்னும் இருக்கிறது. ஆக, நல்ல காதில் ஓட்டை போடுவதற்கு நான் இல்லாமல் முடியாது. கெட்ட பல்லில் ஓட்டையை அடைப்பதற்கு நான் ஆளே இல்லை. அந்தக் கவுன்டர் கம்பியைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது எனக்கு.

அக்கா புருஷன் அத்திபெலே பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது என்று பெட்டியோடு போனவர். போய் மூன்று வருடம். அத்திபெலே ஒன்றும் அமெரிக்கா இல்லை, பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். அந்த ஃபாரத்தின் முதல் கோடு அவருடையது. எங்கேயோ டீ குடித்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு முதல் கோடு.

மிச்சம் இருந்தது அக்கா. அடுகோடி பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் சட்டைக்குக் காலர் வைக்கிறவள். காலை ஆறரைக்கு ஜீவனஹள்ளியில் பஸ் பிடித்தால் ராத்திரி சமையலுக்குத்தான் வீடு. ஞாயிறு லீவு. பல் ஆஸ்பத்திரிக்கும் ஞாயிறு லீவு. இந்த நகரத்தை யார் திட்டம் போட்டுக் கட்டினார்களோ, என் அக்காவை மனதில் வைத்துக் கட்டவில்லை.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றவர்கள் மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

நான் அப்போது பி.எஸ்ஸி இரண்டாம் வருடம். எங்கள் வீட்டில் முதல் முதலில் காலேஜ் போனவன். பிரவுசிங் சென்டர்கள் தெருவுக்கு ஒன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் எனக்கு எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். மிக்ஸி ஏன் சூடாகிறது, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏன் மூட்டு வலி, எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்லுவேன். அம்மா காக்ஸ் டவுனில் சமைக்கிற வீடுகளில்கூட "எங்க பையனைக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வருவாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் குழந்தை, கடைசிப் பல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ் வரிசையில் கடைசியில், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி.

எங்கள் வீட்டில் விழுந்த பல்லைக் கூரை மேல் எறிவது வழக்கம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்பதால் 'டிக்'கென்று ஒரு சத்தம் கேட்கும். சத்தம் கேட்டால் நல்ல பல் முளைக்கும் என்று குழந்தை நம்பினாள். நான்கு தடவை சத்தம் கேட்டிருந்தது. நான்கும் முன் பல். பின்னால் ஒன்றும் விழவில்லை. விழாத பல் என்றால் பால் பல்தான். இதுதான் என் கணக்கு. காலேஜ் படித்தவனின் கணக்கு.

"பால் பல்லு தானே, விழுந்துடும்" என்றேன் அக்காவிடம். "பின்பக்கப் பல்லுக்குப் பத்து, பதினோரு வயசு ஆகும். அதுக்கப்புறம் புதுசு வரும். பயப்படாதே."

அக்கா நம்பினாள். அம்மா கிராம்பை நசுக்கி வைத்தாள். நான் சொன்னேன் என்பதால் நம்பினார்கள். அப்படியே ஐந்து மாதம் போனது. அதற்குள் புள்ளி குழியாயிற்று. சோற்றை ஒரே பக்கம் மென்று மென்று, சாப்பிட ஒரு மணி நேரம் ஆக ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் டிபன் டப்பா பாதியோடு திரும்பி வந்தது. "பிடிக்கலை" என்றாள். திட்டினோம். ஆமாம், வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தையைச் சாப்பிடவில்லை என்று திட்டினோம்.

ஒரு திங்கட்கிழமை கிளாஸைக் கட் அடித்துவிட்டு அவளைப் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு. மேல்படிப்பு படிக்கிற ஒரு டாக்டர் பெண், என்னைவிட ஐந்தாறு வயதுதான் பெரியவளாக இருப்பாள், சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தாள். எக்ஸ்ரே எடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இத்தனை நாள் ஏன் கூட்டிட்டு வரலை?"

"பால் பல்லு தானேன்னு..."

"யாரு சொன்னது?"

நான் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தேன்.

"இது ஹாலு ஹல்லு அல்லா" என்று கன்னடத்தில் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினாள். "பால் பல் இல்லீங்க. இது ஆறு வயசுல வர்ற பல். எல்லாப் பால் பல்லுக்கும் பின்னாடி, சும்மா வந்து நிக்கும். இதுக்காக எந்தப் பல்லும் விழாது. அதனால வீட்ல யாருக்கும் தெரியாது. இது போனா வேற வராது. கிழவி ஆகிறவரைக்கும் இவளுக்கு இதுதான்."

கூரையில் சத்தம் போடாமல் வந்த பல். நாங்கள் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தோம்.

இன்னும் உயிர் இருக்கிறது என்றாள். மேல்பக்க நரம்பை மட்டும் எடுத்துவிட்டு, மருந்து வைத்து, பல் முழுவதையும் ஸ்டீல் மூடி போட்டு மூடிவிட்டால் பல் நிற்கும், அடியில் வேரும் வளரும். "ஆனா சீக்கிரம். இதைச் செவ்வாய்ல மட்டும்தான் பண்றோம். நாளைக்கு வாங்க. தவறினா அடுத்த செவ்வாய். அதுக்கு மேல உள்ள சீழ் பிடிச்சிடும். அப்புறம் நான் பிடுங்கத்தான் வேணும்."

அதற்குப் பிறகுதான் கவுன்டரும், மூன்று கோடுகளும்.

நான் என்ன செய்தேன்? மறுநாள் வெளி பெஞ்சில் உட்கார்ந்து அக்காவின் கையெழுத்தை நானே போட்டேன். ஆங்கிலத்தில், கடைசியில் ஒரு வால் இழுத்து. அம்மா வெளியே நிற்கிறாள் என்றேன், கிளார்க் தலையைத் தூக்காமலே சீல் குத்திவிட்டார். உள்ளே நாற்காலியில் குழந்தையைச் சாய்த்து, டாக்டர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கையுறை மாட்டினாள்.

"அம்மா எங்க பாப்பா? வெளியவா?"

"ஃபேக்டரில."

"அப்போ கையெழுத்து?"

"மாமா போட்டாரு. பெஞ்சுல உக்காந்து. அழகா போட்டாரு."

டாக்டர் கையுறையைக் கழற்றினாள். அந்த ரப்பர் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

"படிச்சவங்கதானே நீங்க? ஊசி போட்டு இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யாரைக் கூப்பிடறது? இந்தக் கையெழுத்தையா?"

சண்டை போட வாயெடுத்தேன். ஆனால் அவள் சொன்னது சரி. சரியாகப் பேசுகிற ஆள் மேல் கோபப்பட முடியாமல் போவது எவ்வளவு பெரிய எரிச்சல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தச் செவ்வாய் போயிற்று. என்னால்.

புதன்கிழமை மத்தியானம் ஃபேக்டரி கேட்டில் போய் நின்றேன். அக்காவைக் கூப்பிடச் சொன்னால் வாட்ச்மேன், அக்காவின் லைன் சூப்பர்வைசரைக் கூட்டிக்கொண்டு வந்தான். காதில் பேனா செருகியிருந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடி கேட்டான்.

"என்ன, யாரு செத்துட்டாங்க?"

"யாரும் சாகல சார். எங்க அக்கா பொண்ணுக்குப் பல்லு. அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு ரெண்டு மணி நேரம் அக்காவை விட்டீங்கன்னா—"

"பல்லா?" அவன் வாட்ச்மேனைப் பார்த்தான். வாட்ச்மேன் கடமைக்குச் சிரித்தான். "ஷிப்மென்ட் நேரத்துல பல்லுக்கு லீவு குடுத்தா, நாளைக்கு நகம் வெட்டறதுக்கும் கேப்பீங்க. குழந்தைக்கு எத்தனை வயசு?"

"ஏழு."

"அட போப்பா. பால் பல்லு தானே, விழுந்துடும்."

என்னுடைய வாக்கியம். ஒரு எழுத்து மாறவில்லை. ஐந்து மாதமாக வீட்டில் நான் சொன்ன அதே தொனி, அதே தெரிந்த தோரணை. அவன் வாயிலிருந்து அது வந்தபோது எனக்குக் கண் இருட்டிவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். உனக்குப் பிள்ளை இருக்கா, நீ மனுஷனா, வெளிய வாடா என்று ஆரம்பித்து, எழுதக் கூடாததெல்லாம் சொன்னேன். மேல் மாடி ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. அக்கா ஓடி வந்தாள், தலைமுடியில் வெள்ளை நூல் ஒட்டியபடி. என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"போ."

அன்று சாயந்திரம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் ஆரம்பித்தேன். அந்த ஆளைப் பற்றி மேலே எழுதிப் போடலாம், பேப்பருக்கு எழுதலாம், எனக்குத் தெரிந்த ஒருவன்...

"கத்தினியே, உனக்கு ஆறிடுச்சா?" என்றாள்.

"அக்கா, அவன் என்ன சொன்னான் தெரியுமா?"

"என்ன வேணா சொல்லட்டும். நாளைக்குக் காலையில அந்த மூஞ்சி முன்னாடி நான்தான் உக்காரணும், நீ இல்ல. மத்தியானத்துலேருந்து எனக்கு டாய்லெட் டோக்கன் குடுக்கல, தெரியுமா உனக்கு? நீ கத்திட்டுப் போயிட்டே. நான் அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அங்கே பாத்ரூம் போவதற்கு டோக்கன் வாங்க வேண்டும். லைனுக்கு இரண்டு டோக்கன். அது சூப்பர்வைசர் மேசையில் இருக்கும். இதை அவள் அதுவரை எங்களிடம் சொன்னதில்லை. அம்மா சமையலறையில் பாத்திரத்தைக் கீழே வைத்த சத்தம் கேட்டது, அவ்வளவுதான். எனக்கு அந்த ஆள் மேல் இருந்த கோபம் அப்படியே திரும்பி என் மேலேயே வந்து விழுந்தது.

"டாக்டர் செவ்வாய்னுதானே சொன்னாங்க?"

"ஆமா. அதுதான் கடைசி."

"சரி" என்றாள்.

அந்த 'சரி'க்குள் என்ன இருந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஃபேக்டரியில் ஒரு சட்டையை ஒருத்தி முழுசாகத் தைப்பதில்லை. ஒருத்தி கை வைப்பாள், ஒருத்தி காலர் வைப்பாள், அடுத்தவள் மேல் தையல் போடுவாள். காலர் நின்றால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா மெஷினும் நிற்கும். தலைக்கு மேல் பலகையில் மணிக்கு மணி எண்ணிக்கை எழுதிக்கொண்டே இருப்பார்கள். அதனால்தான் காலர்காரிக்கு லீவு கிடையாது. ஆனால் காலர் முன்கூட்டியே தயாராக இருந்தால்?

அக்காவின் வலது பக்கத்து மெஷின்காரியும், எதிர் மெஷினில் இருந்த, டேனரி ரோட்டிலிருந்து வரும் இன்னொரு அக்காவும் காலர் வைக்கத் தெரிந்தவர்கள். வியாழன், வெள்ளி, சனி, திங்கள். நான்கு நாளும் டீ நேரத்தில் டீ இல்லை, சாப்பாட்டு நேரத்தில் பாதி சாப்பாடு. அக்கா பங்குக் காலரை மூன்று பேரும் மாற்றி மாற்றி வைத்து, பண்டல் பண்டலாகக் கட்டி மெஷினுக்கு அடியில் அடுக்கினார்கள். தன் குழந்தையின் பல்லைக் காப்பாற்ற ஒரு தாய் இரண்டு மணி நேரம் வெளியே போக, இரண்டு பெண்கள் நான்கு நாள் அரைப் பட்டினி கிடக்க வேண்டியிருந்தது. இதை ஒற்றுமை, நட்பு என்றெல்லாம் யாராவது நெகிழ்ந்து சொன்னால் எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கிறது. அது வெளியே போவதற்கு ஒரு கேட் பாஸ். ஒரு துண்டுக் காகிதம்.

செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்: "மத்தியானம் வரைக்கும் உள்ள காலர் இதோ இருக்கு சார். லைன் நிக்காது." அவன் பண்டல்களை எண்ணிப் பார்த்தான். இரண்டு தடவை எண்ணினானாம். எதிர் மெஷின் அக்கா தன் உருதுவில், "கினோ ஸாப், அச்சா கினோ", எண்ணுங்க சார், நல்லா எண்ணுங்க என்று தலை குனிந்தபடியே சொன்னாளாம். லைன் முழுக்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டு தைத்திருக்கிறது.

பத்தேமுக்காலுக்கு ஆட்டோவிலிருந்து அக்கா இறங்கினாள். கைக்குள் கசங்கிப்போன பாஸ். வாங்கிப் படித்தேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதியிருந்தான். திரும்ப வேண்டிய நேரம் பன்னிரண்டே கால்.

கவுன்டரில் அக்கா தமிழில் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு எழுத்தாக, அவசரம் இல்லாமல், காலர் முனையை மடித்துத் தைப்பவள் மாதிரி. கிளார்க் சீல் குத்தினார். உள்ளே டாக்டர் என்ன செய்யப்போகிறாள் என்று விளக்கினாள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இது விழாதுல்ல மேடம்?"

"விழக்கூடாதுன்னுதான் பண்றோம்."

ஊசி போடத் தயாராவதற்குள் மணி பதினொன்றரை ஆகிவிட்டது. அக்கா குழந்தையின் தலையைத் தடவிவிட்டு, "மாமா இருக்காரு" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போக முடியாது என்று அவளுக்குத் தெரியும். குழந்தை நாற்காலியிலிருந்து குதித்து ஓடப் பார்த்தாள். இரண்டு பேர் பிடித்தும் நிற்கவில்லை.

டாக்டர் என்னைப் பார்த்தாள். "நீங்க ஏறி உக்காருங்க. மடியில வெச்சுப் பிடிங்க."

கையெழுத்துக்கு ஆகாத மாமன் மடிக்கு ஆனான். அந்த நீளமான நாற்காலியில் நான் சாய்ந்து படுத்தேன். அவள் என் மேல். அவளுடைய இரண்டு கையையும் என் கையால் பூட்டிக்கொண்டேன். ஊசி இறங்கியபோது அவள் உடம்பு முழுக்க என் உடம்பில் உதறியது. கொஞ்ச நேரம் கழித்து, பழைய பழக்கத்தில் என் மணிக்கட்டைக் கடிக்கத் திரும்பினாள். வாய் மரத்துவிட்டது, கடிக்க வரவில்லை. அதற்காகவும் அழுதாள்.

டாக்டர் குழியைச் சுத்தம் செய்து மருந்து வைத்தாள். பிறகு ஒரு பெட்டியைத் திறந்தாள். உள்ளே வரிசையாகக் குட்டிக் குட்டி ஸ்டீல் மூடிகள், பொம்மை வீட்டு டம்ளர்கள் மாதிரி. ஒன்றைப் போட்டுப் பார்த்தாள், பெரியது. இன்னொன்று, சிறியது. மூன்றாவதன் ஓரத்தைக் கத்தரியால் வெட்டி, இடுக்கியால் உள்பக்கம் வளைத்து, பசை நிரப்பி, கட்டை விரலால் அழுத்தினாள். 'டக்'கென்று உட்கார்ந்தது. "கடி பாப்பா. இன்னும். நல்லா கடி." அவள் கடித்தாள். டாக்டர் மேல் இருந்த கோபம், ஊசி மேல் இருந்த கோபம், விட்டுவிட்டுப் போன அம்மா மேல் இருந்த கோபம், எல்லாவற்றையும் வைத்து அந்தப் பஞ்சு உருளையைக் கடித்தாள்.

வளர்ந்த பிறகு வேறு மூடி மாற்ற வேண்டும், அதுவரை இது தாங்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறாள். தாங்குகிறது.

அன்று வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அடம் பிடித்தாள். அம்மாவுக்குக் காட்ட வேண்டும். மரப்பு போகும்வரை ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தோம். பிறகு பஸ் பிடித்து அடுகோடி. ஐந்தரை சங்கு ஊதும்போது கேட்டுக்கு எதிரில், நான் கத்திய அதே இடத்தில் நின்றோம். பைகளைத் திறந்து காட்டிவிட்டுப் பெண்கள் வரிசையாக வெளியே வந்தார்கள். அக்காவோடு அந்த இரண்டு பேரும்.

"எங்கடி, காட்டு பாப்பம்" என்றாள் வலது பக்கத்து மெஷின்காரி.

குழந்தை வாயைத் திறந்தாள். மூன்று பேரும் குனிந்தார்கள். பின்னால் வந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"அரே வா! டிபன் டப்பா மாதிரி மின்னுது."

"இனிமே கல்லைக்கூடக் கடிப்பா இவ."

"போதும் மூடு கண்ணு, ஈ பூந்துடப் போகுது."

அவள் மூடவில்லை. அப்போதுதான் அந்தச் சூப்பர்வைசர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். "கேட் முன்னாடி என்ன கூட்டம்?" என்று குரலை உயர்த்தினான். எல்லோரும் சட்டென்று விலகினார்கள். அதில் குழந்தை மட்டும் நடுவில், திறந்த வாயோடு அவனுக்கு நேராக நின்றாள். அவனும் குனிந்து பார்த்துவிட்டான்.

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆறு நாளாகத் தயாராக வைத்திருந்தேன் வார்த்தைகளை. ஆனால் டோக்கன் ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா குழந்தையின் தாடையைத் தொட்டு வாயை மூடினாள். அவனை நேராகப் பார்த்தாள்.

"பால் பல்லு இல்ல சார்" என்றாள்.

அவன் ஸ்கூட்டரை உதைத்தான். முதல் உதையில் கிளம்பவில்லை. இரண்டாவதிலும் கிளம்பவில்லை. யாரும் நகரவில்லை. அவன் உதைத்துக்கொண்டே இருந்தான். நாங்கள் எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம்.